பனிக்கட்டி உருகித் திறக்கும் பூட்டு: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். சென்ற ஆண்டு, குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகள், படிக்கும் நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "மாமா, போன் பெட்டியோட சாவி யார் கையில இருந்தாலும் நான் கெஞ்சிக் கேட்டு வாங்கிடறேன். கெஞ்சவே முடியாத மாதிரி ஒரு பூட்டு செஞ்சு குடுங்க" என்றாள். பனிக்கட்டியிடம் யாரும் கெஞ்ச முடியாது. அது தன் நேரத்துக்குத்தான் உருகும். பட்டறையில் கிடந்த உதிரிப் பொருள்களைக் கொண்டு அவளுக்கு ஒரு பெட்டியும் பின்னர் உறவினர் பிள்ளைகளுக்குச் சிலவும் செய்து கொடுத்தேன். அவற்றில் ஏற்பட்ட கோளாறுகளையும் அவற்றைச் சரிசெய்த விதத்தையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். பூட்டைச் செய்துவிட்டு அது சரியாக வேலை செய்யாமல் நிற்பவர்களுக்காகவே இது எழுதப்படுவதால், அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நேரே கோளாறுகளுக்கு வருகிறேன்.

பெட்டி மரத்தால் ஆனது. மூடியின் உட்புறத்தில் ஒரு சிறிய தாழ்ப்பாள் இருக்கும். அதன் தண்டு 20 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்தால் மூடி திறக்கும். பெட்டிக்கு வெளியே, பக்கவாட்டில், சுவரில் காற்றுத்துளைகள் போட்ட ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் அடியில் துளையிட்ட மூடியும், அந்த மூடியின் மேல் 36 மில்லிமீட்டர் விட்டமும் 60 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பனிக்கட்டியும் இருக்கும். பனிக்கட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் வட்டு, அதன் மேல் எடைக்காக அடுக்கிய பழைய 6203 பேரிங்குகள். அந்தப் பேரிங்கின் வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர் என்பதால் அது குழாய்க்குள் தாராளமாக இறங்கும். நடுவில் 17 மில்லிமீட்டர் துளை இருப்பதால் சைக்கிள் பிரேக் கம்பி அதன் வழியாகச் செல்லும். கம்பியின் ஈயத் தலை வட்டின் அடியில் சிக்கி நிற்கும். மறுமுனை, உறைக்குள் புகுந்து பெட்டிக்குள் சென்று தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும். பனிக்கட்டி உருக உருக எடை இறங்கும். எடை இறங்கும்போது கம்பி இழுபடும். கம்பி தாழ்ப்பாளை இழுக்கும். பன்னிரண்டு பேரிங்குகள் சேர்ந்தால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே வரும்.

எந்தக் கோளாறைத் திருத்தும்போதும் ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பூட்டு கெட்டுப்போனால் திறந்த நிலையில் கெட வேண்டுமே தவிர, பூட்டிய நிலையில் கெடக் கூடாது. நேரத்துக்கு முன்பே திறந்துகொள்ளும் பூட்டால் ஒரு மணி நேரப் படிப்பு போகும். திறக்காமல் நிற்கும் பூட்டால் அவசரத்துக்குப் போன் கைக்கு வராமல் போகும். ஆகவே மூடியின் கீல் திருகுகளை எப்போதும் வெளிப்புறத்திலேயே வையுங்கள். மாத்திரை, வண்டிச் சாவி, வீட்டில் இருக்கும் ஒரே போன் ஆகியவற்றை இதற்குள் வைக்கவே கூடாது. 108-ஐ அழைக்க வேறொரு போன் வீட்டில் இருந்தால் மட்டுமே இந்தப் பெட்டியைப் பயன்படுத்துங்கள்.

பனிக்கட்டி முழுதும் உருகிவிட்டது, தாழ்ப்பாள் திறக்கவில்லை

இதுதான் மிக மோசமான கோளாறு. காரணங்கள் பல என்பதால், கழற்றுவதற்கு எளிதான இடத்திலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் குழாயின் மேல்வாய் வழியாகப் பார்த்து, எடை அடிவரை இறங்கியிருக்கிறதா, நடுவழியில் நிற்கிறதா என்பதைக் கண்டுகொள்ளுங்கள். நடுவழியில் நின்றால் கோளாறு குழாய்க்குள் இருக்கிறது. அடிவரை இறங்கியிருந்தால் கம்பியிலோ தாழ்ப்பாளிலோ இருக்கிறது. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

நடுவழியில் நிற்பதற்கு மிகுதியான காரணம், வட்டு சாய்ந்து குழாய்ச் சுவரில் சிக்கிக்கொள்வது. பழைய மர மேசையின் இழுப்பறையை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தால் அது கோணிக்கொண்டு நின்றுவிடும் அல்லவா, அதுவேதான் இங்கும் நடக்கிறது. பனிக்கட்டி எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருகுவதில்லை. சன்னல் பக்கம் வேகமாகவும் சுவர்ப் பக்கம் மெதுவாகவும் உருகுவதால் அதன் மேல்முகம் சரிவாகிவிடுகிறது, வட்டும் அதனோடு சேர்ந்து சரிகிறது. நழுவி இறங்க வேண்டிய பொருள், தன் விட்டத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு நீளமாக இருந்தால் அவ்வளவு எளிதில் கோணாது. என் முதல் பூட்டில் வட்டின் மேல் பேரிங்குகளைச் சும்மா அடுக்கியிருந்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாய்ந்து, மூன்றாவது பேரிங் குழாயை ஆப்புபோல் அடைத்துக்கொண்டது. பிறகு பேரிங்குகளையும் வட்டையும் எம்-சீல் வைத்து ஒரே உருளையாக ஒட்டினேன். 144 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த உருளை அதன்பின் ஒரு நாளும் சாயவில்லை. ஒட்டும்போது நடுத்துளைக்குள் எம்-சீல் வழிந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டை மரத்தில் செய்திருந்தால் அது தண்ணீரில் ஊறிப் பருத்திருக்கும். காலையில் தாராளமாக ஓடிய வட்டு மாலையில் விரலால் அழுத்தினாலும் நகராது. உடைந்துபோன பிளாஸ்டிக் காய்கறி வெட்டும் பலகையிலிருந்து வட்டை அறுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரை உறிஞ்சுவதில்லை, குளிரில் வெடிப்பதும் இல்லை. குழாயின் உள்விட்டத்தைவிட வட்டு நான்கு மில்லிமீட்டராவது சிறியதாக இருக்கட்டும். குழாயை ஆக்சா பிளேடால் அறுத்த இடத்திலும் காற்றுத்துளை போட்ட இடங்களிலும் உட்புறமாகப் பிசிறு நிற்கும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

எடை அடிவரை இறங்கியும் தாழ்ப்பாள் நகரவில்லை என்றால், முதலில் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பூட்டு உடனே திறக்காமல் இருப்பதற்காகக் கம்பியில் கொஞ்சம் தளர்ச்சி விடுகிறோம். அந்தத் தளர்ச்சி 30 மில்லிமீட்டர் என்று வையுங்கள். எடை முதல் 30 மில்லிமீட்டர் இறங்கும்வரை கம்பி விறைப்பாகாது, அடுத்த 20 மில்லிமீட்டரில் தாழ்ப்பாள் முழுதும் பின்வாங்கும், மொத்தம் 50. பனிக்கட்டியின் உயரம் 60 என்பதால் பத்து மில்லிமீட்டர் கையிருப்பு இருக்கிறது. நேரத்தை நீட்ட வேண்டும் என்ற ஆசையில் தளர்ச்சியை 45 ஆக்கினால் 65 மில்லிமீட்டர் இறக்கம் தேவைப்படும், இருப்பதோ 60. அந்தப் பூட்டு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் திறக்காது. நேரம் கூட வேண்டுமானால் பனிக்கட்டியைப் பெரிதாக்குங்கள். கையிருப்பான அந்தப் பத்து மில்லிமீட்டரில் கை வைக்காதீர்கள்.

கணக்கு சரியாக இருந்தால் அடுத்தது உராய்வு. தாழ்ப்பாளை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் கொக்கித் தராசால் அளந்து பாருங்கள். பெட்டியை மூடிவைத்து, கம்பியின் குழாய்ப் பக்க முனையில் தராசை மாட்டி மெதுவாக இழுத்து, தாழ்ப்பாள் நகரத் தொடங்கும்போது முள் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 250 கிராம் என்றால் மூன்று மடங்கான 750 கிராம் எடையாவது பனிக்கட்டியின் மேல் இருக்க வேண்டும். புதிதாக இருக்கும்போது இரண்டு மடங்கே போதும்போலத் தோன்றும். இரண்டு மாதத்தில் துருவும் தூசியும் சேர்ந்து அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். அளவு 400 கிராமைத் தாண்டினால் எடையைக் கூட்டுவதை விட்டுவிட்டு, உராய்வு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கம்பி உறை கூர்மையாக வளைந்திருக்கலாம்; உள்ளங்கையை விரித்து வைத்தால் அதன் அகலத்தைவிடக் குறுகலான வளைவு எதுவும் இருக்கக் கூடாது. உள்கம்பியின் இழைகளில் ஒன்று அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருக்கலாம். அத்தகைய கம்பியைத் திருத்த முயலாமல் மாற்றிவிடுங்கள், சைக்கிள் கடையில் விலை மிகக் குறைவு. உறைக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தால் உறையையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கம்பி நன்றாக ஓடுகிறது, ஆனாலும் தாழ்ப்பாள் இறுகுகிறது என்றால் மூடியைக் கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் தாழ்ப்பாள் சட்டென்று பின்வாங்கினால், மூடி மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு தண்டைப் பக்கவாட்டில் நெரிக்கிறது என்று பொருள். பெட்டிக்குள் நிரம்பப் பொருள் வைப்பதாலோ மூடியின் ஓரத்தில் தடித்த ரப்பர் ஒட்டுவதாலோ இது நேரும். தண்டு நுழையும் துளையை அரத்தால் மேல்பக்கம் ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தினால் போதும்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே தத்துவத்தை வைத்துத் தம் கைகால்களைத் தாமே கட்டிக்கொண்டு, பனிக்கட்டி உருகியதும் விடுபடுவது என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் இழிவாக எண்ணவில்லை. ஒருவருடைய அந்தரங்க விருப்பம் அவருடையது. ஆனால் மேலே எழுதியவை அனைத்தும் என் மேசையின் மேல் உண்மையில் நடந்த கோளாறுகள். சாய்ந்த வட்டு, ஊறிய மரம், தவறிய கணக்கு, துருப்பிடித்த கம்பி ஆகியவற்றில் எதுவும் முதல் நாள் ஒத்திகையில் தெரியவில்லை. பெட்டிக்குள் போன் சிக்கியபோது நான் திருப்புளியை எடுத்துக் கீலைக் கழற்றினேன். கட்டுண்டு கிடப்பவரால் எழுந்து திருப்புளியை எடுக்க முடியாது. இறுகிய கட்டு மணிக்கட்டு நரம்பை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கக் கூடும். மார்பும் கழுத்தும் மடங்கிய நிலையில் மூச்சு தடைப்பட்டால் நிமிடங்களே மிஞ்சும். பனிக்கட்டி அதற்காக விரைந்து உருகாது. ஆகவே உடலைக் கட்டும் எதற்கும் இந்தப் பூட்டைப் பயன்படுத்தாதீர்கள். அப்படிப்பட்ட விருப்பம் உடைய பெரியவர்கள், தனிமையில் அல்லாமல், நம்பிக்கைக்குரிய ஒருவர் அதே அறையில் விழித்திருக்க, கட்டை நொடியில் வெட்டும் கத்தரி அவர் கையருகே இருக்க வேண்டும் என்பதை மாற்றமில்லாத விதியாகக் கொள்ள வேண்டும். கழுத்தில் எதையும் கட்டக் கூடாது.

நேரத்துக்கு வெகு முன்பே திறந்துகொள்கிறது

பாதி நேரத்தில் திறந்துகொண்டால், பனிக்கட்டி உள்ளே உறையவில்லை என்பதே முதல் ஐயம். நீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும். தொட்டுப் பார்க்கும்போது கல்போல இருக்கும் கட்டியின் நடுவில் விரல் பருமனுக்குத் தண்ணீர் இருக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் இது நிச்சயம் நடக்கும். பகல் முழுவதும் மின்சாரம் இல்லாமல் மாலை ஐந்து மணிக்கு வந்தால், ஃப்ரீசர் மறுபடி குளிர்ந்து கட்டியை முழுதும் உறைய வைக்க இரவு முழுவதும் வேண்டும். ஒரே நேரத்தில் நான்கைந்து கட்டிகளை உறைய வைத்து எடுத்துவைத்திருந்தால், ஒன்றை உடைத்துப் பார்த்து மற்றவற்றின் நிலையை அறியலாம்.

கட்டி முழுதும் உறைந்திருந்தும் விரைவாகத் திறக்கிறதென்றால், பாதி உருகிய கட்டியை வெளியே எடுத்து அதன் மேல்முகத்தைப் பாருங்கள். நடுவில் பட்டாணி அளவுக்குக் குழி விழுந்திருந்தால் கம்பியின் ஈயத் தலைதான் குற்றவாளி. வட்டின் அடிமுகத்தை விட்டுத் துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் தலை, அறையின் வெப்பத்தைக் கம்பி வழியாக வாங்கிப் பனிக்கட்டிக்குள் கடத்துகிறது. கூடவே முழு எடையும் அந்தச் சிறு புள்ளியில் இறங்குவதால் கட்டி துளைக்கப்பட்டுப் பிளந்துவிடுகிறது. வட்டின் அடியில் டிரில்லால் ஒரு பள்ளம் தோண்டி, தலையை உள்ளே அமிழ்த்தி, மேலே எம்-சீல் பூசிச் சமப்படுத்துங்கள். நான் இதைச் செய்ததும், ஒரு மணி நேரத்துக்குள் திறந்துகொண்ட பூட்டு ஒன்றேமுக்கால் மணி நேரம் தாங்கியது. அலுமினியத் தகட்டில் வட்டு செய்தவர்களுக்கும் இதே தொல்லை வரும். உலோகம் எதுவும் பனிக்கட்டியை நேராகத் தொடக் கூடாது.

கட்டியின் நடுப்பகுதி பால்போல் வெளுத்து, அங்கேயே உடைகிறதென்றால் தண்ணீரைக் கவனியுங்கள். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, ஃப்ளோரைடு மிகுந்ததும்கூட. அதனால்தான் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நீர் உறையும்போது தூய பகுதி முதலில் உறைந்து, கரைந்திருக்கும் உப்பையும் காற்றையும் உள்நோக்கித் தள்ளுகிறது. அவை நடுவில் போய்ச் சேர்ந்து வெண்மையான, வலுவற்ற தண்டாக நிற்கின்றன. உருகுநிலை இதனால் குறிப்பிடும் அளவுக்கு மாறுவதில்லை. கட்டியின் உறுதிதான் குறைகிறது. காவிரி நீரையோ வடிகட்டிய நீரையோ கொதிக்க வைத்து, ஆறிய பிறகு, நுரை எழாமல் ஊற்றினால் நடுத்தண்டு மெலிதாகும். சமையலறையில் உப்புக் கையோடு கட்டியைத் தொடுவதையும் தவிருங்கள். உப்பு பட்ட இடத்தில் பனி சுழியத்துக்குக் கீழேயே உருகத் தொடங்கிவிடும்.

ஒரு நாள் ஒன்றரை மணி நேரம், மறுநாள் இரண்டேகால் மணி நேரம்

நேரம் ஏறி இறங்குவதை முற்றாக நீக்க முடியாது, குறைக்கலாம். அதற்கு, பனிக்கட்டி உருகுவதற்கான வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டியை நீராக்க 334 ஜூல் வெப்பம் தேவை. ஃப்ரீசரிலிருந்து மைனஸ் 18 பாகையில் எடுத்த கட்டி முதலில் சுழியத்துக்கு வரவேண்டும். அதற்குக் கிராமுக்கு 38 ஜூல் மேலும் ஆகும். 56 கிராம் கட்டிக்கு மொத்தம் சுமார் 21,000 ஜூல். இதில் பெரும்பகுதியைக் குழாயைச் சுற்றியுள்ள காற்றுதான் கொண்டுவந்து கொடுக்கிறது. ஆகவே காற்று எப்படியோ நேரமும் அப்படியே.

மின்விசிறிதான் முதல் காரணம். அசையாத காற்றில் பனிக்கட்டியைச் சுற்றி ஒரு குளிர்ந்த படலம் தங்கியிருந்து அதைக் காக்கும். விசிறி அந்தப் படலத்தைக் கலைத்துவிடும். அக்கா மகளின் பெட்டி அவள் படிக்கும் அறையில் விசிறிக்கு நேர் கீழே இருந்தது. அதைச் சமையலறை அலமாரிக்குள் மாற்றி வைத்ததும் ஏற்றத்தாழ்வு பாதியாகக் குறைந்தது.

இரண்டாவது காரணம் ஈரப்பதம். இதை நம்புவதற்கு எனக்கே சில வாரங்கள் ஆயின. ஐப்பசி மழையில் அறை குளிர்ந்திருக்கும்போது கட்டி அதிக நேரம் தாங்கும் என்று எதிர்பார்த்தேன். பல நாள்களில் அப்படித் தாங்கவில்லை. காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த பனிக்கட்டியின் மேல் படிந்து நீராகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 2,500 ஜூல் வெப்பத்தை அதன் மேல் இறக்கிவிடுகிறது. அதாவது, பனிக்கட்டியின் மேல் ஒரு கிராம் ஈரம் படிந்தால் ஏழு கிராமுக்கு மேல் பனி உருகிவிடும். பங்குனி மாதத்து வறண்ட வெப்பமும் ஐப்பசியின் ஈரக் குளிர்ச்சியும் ஏறக்குறைய ஒரே நேரத்தைக் காட்டுவது இதனால்தான். பெட்டி ஓசூரில் இருக்கிறதா, பாலக்கோட்டில் இருக்கிறதா என்பதாலும் நேரம் மாறும். ஓசூர் மேட்டுநிலத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் எங்கள் ஊரைவிடக் குளிர்ச்சி. இங்கே நேரம் குறித்துக் கொடுத்த பெட்டி அங்கே கூடுதல் நேரம் பிடித்தது. எந்த ஊரில் பயன்படுத்துகிறீர்களோ அந்த ஊரில், அந்த அறையில், அந்தப் பருவத்தில் மூன்று முறையாவது வெறும் பெட்டியில் ஓட்டிப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தேங்கிய நீர். அடிமூடியின் துளைகளை எறும்போ தூசியோ அடைத்துக்கொண்டால், உருகிய நீர் வடியாமல் கட்டியைச் சூழ்ந்து நிற்கும். நீர் காற்றைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால் கட்டியின் அடிப்பாகம் கரைந்து, அது காளான்போல் ஆகிக் கவிழ்ந்துவிடும். நான்கு மில்லிமீட்டர் துளைகள் ஏழெட்டு இருக்கட்டும். அவற்றை வாரம் ஒருமுறை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

நேரத்தை நீட்ட விரும்புவோர் செய்யும் ஒரு தவறான கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டியின் எடையை இரட்டிப்பாக்கினால் நேரமும் இரட்டிக்கும் என்று எண்ணுகிறார்கள். கட்டி பெரிதாகும்போது வெப்பம் நுழையும் புறப்பரப்பும் பெரிதாகிறது. அதே வடிவத்தில் எடையை இரட்டிப்பாக்கினால் நேரம் ஏறத்தாழ கால் பங்குதான் கூடும்; நேரம் இரட்டிக்க எட்டு மடங்கு எடை வேண்டும். அதைவிடக் குழாயைச் சுற்றி ஒரு விரற்கடைக்குத் தெர்மகோல் கட்டி, காற்றுத்துளைகளில் பாதியை நாடாவால் ஒட்டிவிடுவது எளிது.

அச்சிலிருந்து எடுக்கும்போதே கட்டி வெடிக்கிறது

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு கூடுகிறது. இரு முனையும் அடைத்த அச்சில் விளிம்புவரை ஊற்றினால் அச்சு பிளக்கும், அல்லது கட்டிக்குள் விரிசல் ஓடும். ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் ஒரே கீறலாக அறுத்து, அந்தக் கீறலின் மேல் நாடா ஒட்டி, ஒரு முனையில் மூடி போட்டு, மேலே அரை அங்குலம் காலியாக விட்டு ஊற்றுங்கள். எடுக்கும்போது நாடாவைப் பிரித்துக் குழாயைச் சற்று விரித்தால் கட்டி தானே நழுவும். சிலர் அச்சைச் சுடுநீரில் அமிழ்த்துகிறார்கள். ஃப்ரீசர் குளிரில் இருக்கும் கட்டி திடீர் வெப்பத்தில் கண்ணாடிபோல் கீறல் விட்டு, எடை ஏறியதும் இரண்டாகப் பிளந்துவிடும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். மேற்பரப்பு பனிப்பொடி நீங்கிப் பளபளப்பானதும் குழாய்க்குள் இறக்கலாம். கட்டி மேல்முனையில் கும்பமாக எழும்பியிருந்தால் ஒரு தோசைக்கல்லைக் கவிழ்த்து, அதன் மேல் இரண்டு சுற்றுத் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ஈரம் காண்கிறது

துளை வழியாகத் தண்ணீர் கொட்டுவதில்லை. கம்பி உறையின் மேல் படியும் பனித்துளி அதைப் பற்றிக்கொண்டே நடந்து உள்ளே செல்கிறது. கூரைக்கு வரும் மின்கம்பியை வீட்டுக்குள் நுழைக்கும் முன் தொய்வாக ஒரு வளைவு விடுவார்களே, அதேபோல் உறை பெட்டிக்குள் நுழையும் முன் அந்தத் துளையைவிடத் தாழ்வாக ஒரு வளைவு இறங்கி ஏறட்டும். நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். குழாய்க்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருப்பதும் அவசியம். ஒட்டியிருந்தால் குளிர்ந்த குழாயின் வியர்வை மரத்தில் இறங்கி, மழைக்காலத்தில் மூடியே உப்பிக்கொண்டு திறக்க மறுக்கும்.

படிப்பவரே பூட்டை ஏமாற்றித் திறந்துவிடுகிறார்

மேலே சுடுநீர் ஊற்றினால் இந்தப் பூட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் திறந்துவிடும் என்பதைப் பலர் குறையாகச் சொல்லி, குழாயின் வாயை அடைத்துத் தரக் கேட்டார்கள். நான் அடைத்துக் கொடுக்கவில்லை. நள்ளிரவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கத் தெரிந்த எவரும் திறக்கக்கூடியதாக அது இருக்கட்டும். ஏமாற்றியது தெரிந்தால் போதும் என்பவர்கள் வடிநீர் விழும் கிண்ணத்தை அளந்து பார்க்கலாம். 56 கிராம் கட்டியிலிருந்து 56 மில்லிலிட்டரும், காற்றிலிருந்து படிந்த ஈரம் சில மில்லிலிட்டரும்தான் அதில் இருக்கும். கிண்ணம் நிரம்பி வழிந்திருந்தால் சொம்பு இறங்கியிருக்கிறது. என் அக்கா மகள் இருமுறை அப்படிச் செய்தாள். மூன்றாவது முறை தானே கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டி, "அறுபது இருக்கு மாமா, பாத்துக்கங்க" என்றாள்.